பழைய கார்களுக்கு வீல் பேலன்சிங்: மதுரை வட்டார உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், வில்லீஸ் ஜீப் என்று பழைய வண்டிகளைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. சக்கரத்தில் லேசான இடம் பார்த்து ஈயக்கட்டி போட்டு, சுற்றும்போது உதறாதபடி எடையைச் சமன்செய்வதுதான் வீல் பேலன்சிங். இன்றைய டயர்க் கடை மெஷின்கள் இன்றைய சக்கரங்களை மனத்தில் வைத்துச் செய்தவை. பழைய சக்கரத்தை அதில் அப்படியே மாட்டினால் மெஷின் பூஜ்யம் (எடைக் குறை இல்லை என்று) காட்டும், ரோட்டில் வண்டி உதறும். அது ஏன், என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. பேலன்சிங் செய்தால் சரியாகிவிடுமா?

எப்படி உதறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம் மிதித்தால் குறைந்தோ மறைந்தோ போனால் பேலன்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கார்களில் இது பெரும்பாலும் 60-க்கும் 80-க்கும் இடையில் வரும். ஸ்டியரிங் வளையம் கையில் ஆடினால் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்து, ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின் சக்கரம்.

20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி தலையாட்டினால் பேலன்சிங் செலவு வீண். ரிம் வளைந்திருக்கும், அல்லது டயர் எங்கோ புடைத்திருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் ட்ரம்மின் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) வட்டம் கெட்டிருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் காற்றழுத்தத்தையும் அலைன்மெண்ட்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. உதறும் வேகத்தில், காலியான நேரான ரோட்டில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை உருள விடுங்கள். உதறல் நின்றுவிட்டால் எஞ்சின், எஞ்சின் மவுண்டிங், கிளட்ச் பக்கம் தேடுங்கள். தொடர்ந்தால் சக்கரம் அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு). ஷாஃப்ட்டின் அதிர்வு சக்கரத்தின் அதிர்வைவிடப் பொடிப்பொடியாக, வேகமாக இருக்கும். பின் ஆக்ஸிலின் பல் விகிதத்துக்கு ஏற்ப, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலைந்து சுற்று சுற்றிவிடுவதுதான் காரணம்.

இத்தனை சின்ன ஈயக்கட்டி இவ்வளவு பெரிய காரை என்ன செய்துவிடும்?

நிற்கும்போது ஒன்றும் செய்யாது. 5.90-15 டயர் போட்ட அம்பாசடர் சக்கரத்தில், ரிம் விளிம்பின் ஓர் இடத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய பத்தரைச் சுற்று சுற்றுகிறது. அப்போது அந்த 30 கிராம் வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 2¾ கிலோ. 2¾ கிலோ விசையால் நொடிக்குப் பத்து முறை ஆக்ஸிலை மேலும் கீழும் இழுப்பதற்குச் சமம்.

இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கி.மீ.யில் முக்கால் கிலோகூட இல்லை, 100 கி.மீ.யில் நாலு கிலோவைத் தாண்டிவிடும். ஊருக்குள் கோரிப்பாளையம் நெரிசலில் ஓட்டும்போது தெரியாத குறை, திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் தெரிவது இதனால்தான்.

ஸ்டாடிக், டைனமிக் என்று இரண்டு சொல்கிறார்கள். என் வண்டிக்கு எது வேண்டும்?

சக்கரத்தின் ஒரு பக்கம் கனமாக இருந்து, தானாக உருண்டு அந்தப் பக்கம் கீழே வந்து நிற்பது ஸ்டாடிக் குறை. இது சக்கரத்தை மேலும் கீழும் குதிக்க வைக்கும். உள்விளிம்பில் ஓரிடத்திலும், நேரெதிரே வெளிவிளிம்பில் இன்னோரிடத்திலும் கனம் இருந்தால் சக்கரம் தானாக உருளாது, ஆனால் சுற்றும்போது இடமும் வலமுமாகத் தலையாட்டும். ஆணி கோணலாக அடித்த பம்பரம் மாதிரி. அது டைனமிக் குறை, நின்ற நிலையில் கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய கார்களின் ரிம் குறுகலானது, பலவற்றில் 4 அங்குலம்தான். உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடைவெளி குறைவாக இருப்பதால் தலையாட்டும் விசையும் குறைவு. எனவே ஸ்டாடிக் பேலன்சை ஒழுங்காகச் செய்தாலே பெரும்பகுதி உதறல் போய்விடும். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் செய்யுங்கள். ஆனால் தவறாக மாட்டிச் செய்த டைனமிக் பேலன்சைவிட, பொறுமையாகச் செய்த ஸ்டாடிக் பேலன்ஸ் எவ்வளவோ மேல்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் மண். கள்ளிக்குடி, விருதுநகர் பக்கம் கரிசல் காட்டுப் பாதையில் ஒரு மழைநாள் போய்வந்தால் ரிம்மின் உட்குழியில் சேறு அப்பி, காய்ந்து ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் பளபளவென்று இருக்கும். அந்த ஓடு ஒரே பக்கத்தில் 50 கிராம் உதிர்ந்தாலும் போதும், நேற்றுச் செய்த பேலன்ஸ் இன்று பொய்யாகிவிடும். சக்கரத்தைக் கழற்றி, உட்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காய்ந்த கட்டியை மரக்குச்சியால் சுரண்டுங்கள். டயர் பட்டன்களுக்கு இடையில் சிக்கிய ஜல்லியையும் நோண்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்து கோட்டம். சைக்கிள் கடையில் கோட்டம் பார்ப்பதைப் போலவே இங்கும் பார்க்கலாம். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு செங்கல்லின் மேல் கெட்டிக் கம்பியைக் கட்டி, அதன் முனை ரிம் விளிம்புக்கு மயிரிழை தள்ளி நிற்கும்படி வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவதைப் பார்த்தாலே போதும். பழைய இரும்பு ரிம்மில் பக்கவாட்டுக் கோட்டமும் வட்டக் கோட்டமும் 1.5 மி.மீ.க்குள் இருந்தால் ஏற்கலாம். டயரின் மேல்பரப்பில் 2.5 மி.மீ. வரை விடலாம். அதற்கு மேல் போனால் முதலில் கோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். முட்டை வடிவச் சக்கரத்தையும் எடையில் சமன்செய்துவிட முடியும், மெஷின் பூஜ்யம் காட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வளையக் கோட்டைப் பாருங்கள். ரிம் விளிம்பிலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்ற வேண்டும். உட்கார வைக்க 40 பவுண்டு வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது ஆட்டம். ஜாக்கியில் இருக்கும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது ட்ரன்னியன் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் மூட்டுகள்). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்டு (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு), இல்லையேல் ஸ்டியரிங் பாக்ஸ். கிங்பின் தேய்ந்த வண்டி 5 கிராம் குறைக்கும் நடுங்கும். அந்த வண்டிக்கு மாதம் ஒருமுறை பேலன்சிங் செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: கீழ் ட்ரன்னியனுக்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில்.

கம்ப்யூட்டர் மெஷினில் எல்லாச் சக்கரமும் பூஜ்யம் காட்டியது. ஆனாலும் உதறுகிறதே?

இந்தக் கேள்விதான் எங்களுக்கு அதிகம் வருகிறது. காரணம், சக்கரம் எதை மையமாக வைத்துச் சுற்றுகிறது என்பது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் ரிம்மின் நடு ஓட்டை துல்லியமாகக் கடையப்பட்டு, ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுப் பாகம்) நடுமேட்டில் இறுக்கமாக உட்காரும். மெஷினும் அதே ஓட்டையில் ஒரு கூம்பைச் செருகித்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. பழைய கார்களில் நடு ஓட்டை பெரும்பாலும் ஹப்பின் தலைக்கு வழிவிடும் ஓட்டை மட்டுமே. அதைத் துல்லியமாகச் செய்ய வேண்டிய அவசியம் அன்றைக்கு இருக்கவில்லை. சக்கரத்தை மையப்படுத்துவது ஸ்டட்களும் (நட் மாட்டும் மரைக்கம்பிகள்), கூம்பு வடிவ வீல் நட்களும்தான். ஆக மெஷினில் ஒரு மையம், வண்டியில் வேறொரு மையம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரும் ட்யூபும் சேர்ந்த சக்கரம் 16 கிலோ. மையம் அரை மி.மீ. விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 16,000 கிராமை 0.5-ஆல் பெருக்கினால் 8,000. ரிம் விளிம்பின் ஆரம் 200 மி.மீ. என்றால், 8,000-ஐ 200-ஆல் வகுக்க 40 கிராம். அரை மி.மீ. என்பது தடித்த காகிதம் இரண்டின் கனம். அதற்கு 40 கிராம் பொய்க் கணக்கு.

கடையில் நிற்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். மெஷின் பூஜ்யம் காட்டியதும் கைப்பிடி நட்டைத் தளர்த்தி, ஷாஃப்ட்டை அசைக்காமல் சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூஜ்யமோ ஐந்து கிராமோ காட்டினால் மாட்டியது சரி. 20, 30 என்று எகிறினால் சக்கரம் மையத்தில் உட்காரவில்லை. அப்போது தெரிவது மையப் பிழையின் இரு மடங்கு. இதைச் செய்ய மறுக்கும் கடையில் பழைய சக்கரத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தீர்வு, ஸ்டட் ஓட்டைகள் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் தட்டு. நாலோ ஐந்தோ கூம்பு முனைகள் நட் உட்காரும் குழிகளில் பதிந்து சக்கரத்தைப் பிடிக்கும். பெரிய டயர்க் கடைகளில், நடு ஓட்டையே இல்லாத ரிம்களுக்காக இதை வாங்கிப் போட்டிருப்பார்கள். பல நேரம் மூலையில் தூசி படிந்து கிடக்கும், கேட்டு வாங்குங்கள். அது இல்லாத இடத்தில் கூம்பை ரிம்மின் வெளிப்பக்கத்திலிருந்து போடாமல் உட்பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஓட்டையின் பிசிறு ஒரு பக்கத்தில் அதிகமாக இருந்தால் இதுவே பாதி குறையை நீக்கும். துருவும் தடித்த பெயிண்டும் ஓட்டை விளிம்பிலும் நட் குழிகளிலும் இருந்தால் சுரண்டிவிடுங்கள். புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்த ரிம்களில் இது கட்டாயம்.

அடுத்த காரணம் ட்ரம். மெஷின் சமன்செய்வது சக்கரத்தை மட்டும்தான். வண்டியில் அதோடு சேர்ந்து பல கிலோ வார்ப்பிரும்பு ட்ரம்மும் சுற்றுகிறது. சக்கரத்தைக் கழற்றி, ஒன்றோ இரண்டோ ஸ்டட் தள்ளி மாட்டி ஓட்டிப் பாருங்கள். உதறல் கூடினாலோ குறைந்தாலோ ட்ரம்மில் குறை இருக்கிறது. குறைவாக உதறும் நிலையைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஸ்டட்டிலும் அதற்குரிய ரிம் ஓட்டையிலும் பெயிண்டால் புள்ளி வையுங்கள். இனி எப்போது கழற்றினாலும் புள்ளியோடு புள்ளி சேர்த்தே மாட்ட வேண்டும்.

கடைசியாக, மெஷினில் கொடுக்கும் அளவுகள். ரிம் அகலமும் விட்டமும் தவறாகப் பதிந்தால் கிராம் கணக்கும் தவறும். சற்றுமுன் 6 அங்குல ரிம்முக்குப் போட்ட அளவிலேயே உங்கள் 4 அங்குல ரிம்மையும் சுற்றிவிடுவார்கள். திரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். அந்தக் காலத்தில் அப்படியும் செய்தார்கள். முன் ஹப்பே உங்கள் தராசு. பொறுமைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. ஹப்பைக் கழற்றி, பேரிங்கில் உள்ள கிரீஸ் முழுவதையும் டீசலில் கழுவி எடுங்கள். ஒரு சொட்டு டீசலோ கிரீசோ பிரேக் லைனிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் சீலைக் கழற்றி வையுங்கள், அது பிடித்து இழுக்கும். பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி லைனிங் ட்ரம்மில் உரசாமல் செய்யுங்கள். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஹப் நட்டை விரலால் மட்டும் திருகுங்கள், மிகச் சிறிய ஆட்டம் இருக்கட்டும்.

சக்கரத்தை மாட்டும் முன் வெறும் ட்ரம்மைச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் ட்ரம் கனத்துக்கிடக்கிறது. எதிர்ப்பக்க ஸ்டட்டில் வாஷர்களைக் கோத்துத் தற்காலிகமாகச் சமன்செய்துகொள்ளலாம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரங்களையும் இந்த ஒரே ஹப்பில் வைத்துப் பார்க்கப் போவதால் இது முக்கியம்.

இப்போது பழைய எடைக்கட்டிகள் அனைத்தையும் நீக்கிய, கழுவிய சக்கரத்தை எல்லா நட்டும் போட்டு மாட்டுங்கள். காற்று சரியான அளவில் இருக்கட்டும், வால்வு மூடியும் போட்டிருக்கட்டும். தராசு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு 10 ரூபாய் நாணயம் போதும், அதன் எடை ஏறத்தாழ 7.7 கிராம். எல்லாம் முடிந்த பிறகு அதை ரிம் விளிம்பில் கடிகாரத்தின் 3 மணி இடத்தில் டேப்பால் ஒட்டினால் சக்கரம் மெல்ல நகர வேண்டும். நகராவிட்டால் பேரிங் இன்னும் பிடிக்கிறது, இன்னும் கழுவுங்கள்.

வால்வை 3 மணி இடத்தில் வைத்து விட்டுவிடுங்கள். சக்கரம் ஆடி ஓய்ந்ததும் அடியில் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு 9 மணி இடத்திலிருந்து விடுங்கள். உராய்வு காரணமாக இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் விழாது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் கனமான இடம். அதற்கு நேர் எதிரே ரிம் விளிம்பில் களிமண் உருண்டையை அப்புங்கள். சக்கரத்தை எந்த நிலையில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை களிமண்ணைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு அதை எடுத்து, நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் போட்டால் எத்தனை கிராம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மறக்கக் கூடாதது: பேரிங்கை மறுபடி கழுவி, துடைத்து, வீல் பேரிங் கிரீஸ் அடைத்து, புது ஆயில் சீல் போட்டு, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் முறையில் ஹப் நட்டை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் பூட்டும் கம்பி) குத்த வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடவே கூடாது. பிரேக்கையும் மறுபடி அட்ஜஸ்ட் செய்யுங்கள். ட்ரம் ஸ்டட்டில் கோத்த வாஷர்களையும் எடுத்துவிடுங்கள், அவை நட்டைச் சரியாக உட்கார விடாது.

எடைக்கட்டியை எந்தப் பக்கம் போடுவது? வெளியே போட்டால் வீல் கப் உட்காரவில்லை.

வீட்டு முறையில் செய்தால் மொத்த எடையைப் பாதியாகப் பிரித்து, உள்ளே பாதி, வெளியே பாதி, ஒரே கோட்டில் போடுங்கள். முழுவதையும் ஒரே பக்கம் போட்டால் ஸ்டாடிக் குறை போய் டைனமிக் குறை வந்துவிடும். 20 கிராமுக்குக் கீழே என்றால் உட்பக்கம் மட்டும் போட்டாலும் பெரிதாகத் தெரியாது, அழகும் கெடாது.

துல்லியமாக வேண்டிய எடை கையில் இல்லையா? சம எடையுள்ள இரண்டு கட்டிகளை எடுத்து, லேசான இடத்துக்கு இருபுறமும் ஒரே அளவு தள்ளிப் போடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் முழு எடை. இருபுறமும் 60 பாகை தள்ளினால் இரண்டும் சேர்ந்து ஒரு கட்டியின் வேலையைத்தான் செய்யும். 90 பாகை தள்ளினால் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம். இடையில் எந்த எடையையும் இந்த இரண்டு கட்டிகளை நகர்த்தியே பிடித்துவிடலாம்.

கிளிப் கட்டி ரிம் விளிம்பின் தடிப்புக்குப் பொருந்த வேண்டும். இன்றைய கிளிப்புகள் சில பழைய ரிம்மில் தொளதொளவென்று உட்காரும், ரிங் ரோட்டில் கழன்று பறக்கும். பொருந்தாவிட்டால் ஒட்டும் பட்டைகளை ரிம்மின் உட்குழிவில் ஒட்டலாம். பெட்ரோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியபின் சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, டை ராட் எண்டிலோ ட்ரம்மிலோ உரசவில்லை என்று பார்த்த பிறகே ஜாக்கியை இறக்குங்கள். பழைய கட்டிகளில் அவுன்ஸ் எண் இருந்தால், ஒரு அவுன்ஸ் 28 கிராம். அரை 14, கால் 7.

ஒரு பக்கத்துக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டால் கட்டி போடுவதை நிறுத்துங்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். ரிம்மின் கனமும் டயரின் கனமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள்.

பஞ்சர் போட்டபின் உதறல் வந்துவிட்டது. ஏன்?

மூன்று காரணம். ஒன்று, டயரை வேறு நிலையில் மாட்டியிருப்பார்கள். கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு, ஒட்டிய பேட்ச் எடை. மூன்றாவதுதான் மோசமானது: ட்யூப் உள்ளே மடிந்துகிடப்பது. மடிப்பு உதறலையும் தரும், சில நூறு கி.மீ.யில் அங்கேயே அறுந்து அடுத்த பஞ்சரையும் தரும். ட்யூபுக்கு டால்க் பவுடர் தடவி, சிறிது காற்று விட்டு உருட்டி வைத்து மாட்ட வேண்டும். முழுக் காற்று ஏற்றியபின் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். மடிப்பு இருந்தால் இதில் விரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, யாரும் தானாகச் செய்வதில்லை.

வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் டயரும் ட்யூபும் ரிம்மில் நழுவியிருக்கின்றன. குறைந்த காற்றில் ஓட்டி, பிரேக் பிடித்தால் இப்படி ஆகும். பேலன்சும் அதோடு போய்விடும்.

வயர் வீல் உள்ள வண்டிக்கு?

முதலில் கம்பி இறுக்கம், கோட்டம் எடுப்பது, பிறகுதான் பேலன்ஸ். பென்சிலால் தட்டினால் எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒற்றை நட் உள்ள பல்-ஹப் சக்கரங்களை மையப்படுத்துவது உட்சரிவும் வெளிநட்டின் சரிவும்தான், நடு ஓட்டையின் பற்கள் அல்ல. மெஷினில் இரு புறமும் அந்தச் சரிவுகளில் உட்காரும் கூம்புகள் வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன முன் ஹப் முறையே சிறந்தது. கம்பி முனைகள் ட்யூபைக் குத்தாமல் ரிம் டேப் கட்டாயம்.

ரேடியல், ட்யூப்லெஸ் போட்டால் உதறல் குறையுமா?

நல்ல ரேடியல் (உள் இழைகள் நேர்க்குறுக்காக ஓடும் டயர்) ஓட்டம் மென்மையாக இருக்கும். ஆனால் பழைய ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்துவைக்கும் மேடு கிடையாது. சிலவற்றில் ரிவெட் வழியாகவே காற்று கசியும். அதனால் ரேடியலுக்கான ட்யூபோடுதான் போட வேண்டும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய கிராஸ்ப்ளை (உள் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் டயர்) கூடவே கூடாது. இரண்டு மட்டும் மாற்ற முடியுமென்றால் ரேடியலைப் பின்னால் போடுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்ப்ளை என்று ஓட்டினால் வளைவில் வால் வீசும்.

ஆறு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி கடகடவென்று ஓடுகிறது.

நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கிறது. நைலான் கிராஸ்ப்ளை டயர்களுக்கு ஒரு ராத்திரி நின்றாலே லேசாக வரும், பத்துப் பதினைந்து கி.மீ. ஓடிச் சூடேறியதும் போய்விடும். மாதக்கணக்கில் நின்றால் நிரந்தரமாகலாம். முதலில் ஓட்டிச் சூடாக்குங்கள், பிறகு பேலன்ஸ் பாருங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்றால் ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். முடியாவிட்டால் வாரம் ஒருமுறை கால் சுற்று நகர்த்துங்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும், நம் ஊர் வெயிலில் பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த டயருக்குப் பேலன்சிங் செய்வதில் பொருளில்லை.

பின் சக்கரத்தை அங்கேயே சுற்றிப் பார்க்கலாமா?

முடியாது. டிஃபரன்ஷியல் இழுத்துப் பிடிக்கும். கழற்றி முன் ஹப்பில் மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.

ஜீப் 50 கி.மீ.யில் ஒரு குழியில் இறங்கினால் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது.

குழியில் விழுந்ததும் தொடங்கி, வேகம் குறைத்தால்தான் நிற்கும் ஆட்டம் பேலன்சால் மட்டும் வருவதில்லை. கிங்பின் பேரிங்கின் இறுக்கம், டை ராட் எண்டுகள், ஸ்டியரிங்கின் நடு நெம்புகோல், லீஃப் ஸ்ப்ரிங் புஷ் இவற்றைச் சரிசெய்துவிட்டுப் பேலன்சுக்கு வாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து இறங்கி வத்தலக்குண்டு வந்ததும் உதறுகிறது, மறுநாள் இல்லை.

இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்து ட்ரம் சூடேறி விரிந்திருக்கிறது. சூட்டில் வட்டம் கெடும், ஆறினால் திரும்பும். கீழ் கியரில் இறங்குங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ட்ரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து, ஹப் கிரீசையும் மாற்றுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது இடது பக்க நட் அசையவே இல்லை. வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள்.

பொறுங்கள். வில்லீஸ் ஜீப்பிலும், டாட்ஜ், ப்ளிமத் போன்ற பழைய க்ரைஸ்லர் வகைக் கார்களிலும் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை. வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். பல ஸ்டட்களின் முனையில் ஆங்கில எல் எழுத்து குத்தியிருக்கும். நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரால் தவறான திசையில் மிதித்து ஸ்டட்டை உடைத்துவிட்டால், மாற்று ஸ்டட் தேடி அலைய வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? சரியாகிவிட்டதா என்று எங்கே ஓட்டிப் பார்ப்பது?

புது டயர் போட்டதும் ஒருமுறை, அது 500 கி.மீ. ஓடி ஒழுங்காக உட்கார்ந்தபின் ஒருமுறை. அதன்பின் 5,000 கி.மீ.க்கோ வருடத்துக்கோ ஒருமுறை. டயரை ரிம்மிலிருந்து கழற்றிய எல்லா நேரமும் செய்ய வேண்டும்.

நட்களை எதிரெதிராக மாற்றி மாற்றி, சக்கரம் தரையைத் தொடாத நிலையில் பாதி இறுக்கி, இறக்கியபின் முழுதாக இறுக்குங்கள். கூம்பு நட் இப்படித்தான் சக்கரத்தை மையத்துக்கு இழுக்கும்; ஒரே நட்டை முதலில் முழுதாக இறுக்கினால் செய்த வேலை அத்தனையும் ஓரமாக உட்கார்ந்துவிடும்.

ஓட்டிப் பார்க்க உத்தங்குடியிலிருந்து கப்பலூர் போகும் ரிங் ரோடு வசதி, விடியற்காலையில் போங்கள். பத்து கி.மீ. ஓடி டயர் சூடானபின் 50-இலிருந்து 80 வரை ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் அரை நிமிடம் நிலையாகப் பிடித்து, எந்த எண்ணில் அதிர்வு வருகிறது, கையில் வருகிறதா சீட்டில் வருகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுபடி கடைக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். திரும்பி வந்து, ஏறத்தாழ 50 கி.மீ. ஓடியபின், எல்லா நட்டையும் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள்.